நாற்காலி வாங்காத ஆண்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், காரைக்குடியையும் சுற்றியுள்ள சிற்றூர்களையும் களமாகக் கொண்டு மாற்றுத்திறன் குழந்தைகளின் குடும்பங்களுக்குத் துணைநிற்கும் எங்கள் சிறு அறக்கட்டளையின் ஓராண்டுப் பணியை வரவுசெலவோடு எழுதியிருந்தேன். அதைப் படித்து வந்த கடிதங்களில் பாராட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேள்வியாக வந்தவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். நான் அறக்கட்டளையின் கணக்கெழுதுபவன், மருத்துவன் அல்லன். மருத்துவம் தொடர்பாக இதில் உள்ளவற்றை, அண்மையில் எங்களோடு வந்து சேர்ந்திருக்கும் இயன்முறை மருத்துவர் படித்துத் திருத்திக் கொடுத்தார். கேட்டவர்களில் பெரும்பாலோர் பெயரை வெளியிட வேண்டாம் என்று எழுதியிருந்ததால் எல்லோருக்கும் ஊரை மட்டுமே போட்டிருக்கிறேன்.

வாசகர், காரைக்குடி: முன்பெல்லாம் உங்கள் ஆண்டறிக்கையில் இத்தனை சக்கர நாற்காலி, இத்தனை ஊன்றுகோல் என்று பட்டியல் இருக்கும். இம்முறை "சக்கர நாற்காலி: இல்லை" என்று ஒற்றை வரிதான் இருக்கிறது. நன்கொடை குறைந்துவிட்டதா?

நன்கொடை குறையவில்லை. வாங்க வேண்டாம் என்று நாங்களே முடிவு செய்தோம். அதற்குக் காரணம், ஆண்டின் தொடக்கத்தில் ஒரு மாத காலம் வீடு வீடாகச் சென்று, முந்தைய ஆண்டுகளில் கொடுத்த நாற்காலிகள் என்ன ஆயின என்று பார்த்ததுதான். ஒன்றின் மேல் துவைத்த துணி கிடந்தது. இன்னொன்றில் நெல் மூட்டை இருந்தது. மற்றொன்றின் முதுகில் நன்கொடையாளர் பெயர் பளிச்சென்று தெரிய, அதை ஓட்டியதற்கான தடம் சக்கரத்தில் சிறிதும் இல்லாமல் முகப்பிலேயே நின்றது. குடும்பத்தாரின் அலட்சியம் என்று நாங்களும் முதலில் நினைத்தோம். உட்கார வைத்துப் பார்த்தபோதுதான் குற்றம் கொடுத்தவர்கள் மேல் என்று தெரிந்தது.

செரிப்ரல் பால்சி எனப்படும் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு மருத்துவமனைகளில் நோயாளியைத் தள்ளிச் செல்லும் வகை நாற்காலி உதவாது. துணி இருக்கை நடுவில் தொய்யும். இடுப்பு முன்னால் வழுக்கும். முதுகு ஒரு பக்கம் சாயும். தலை பின்னால் விழும். அந்த நிலையில் ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகவும் வழியுண்டு. பல ஆண்டுகள் அப்படியே உட்கார்ந்தால் இடுப்பு மூட்டு விலகுவதும் முதுகெலும்பு வளைவதும் நேரலாம். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஏறத்தாழ செங்கோணத்தில் நிற்கும்படி அளவெடுத்துச் செய்த இருக்கை வேண்டும்; குழந்தை வளர வளர அந்த அளவையும் மாற்ற வேண்டும். அத்தகைய சிறப்பு நாற்காலியை மாற்றுத்திறனாளிகள் நலத் துறை தகுதியுள்ளோருக்கு விலையில்லாமல் தருகிறது. அதற்கு மனுப்போட உதவுவதே எங்கள் வேலையாக இருந்திருக்க வேண்டும். நாங்களோ அதே பணத்தில் பொருந்தாத நாற்காலிகளை வாங்கிக் குவித்தோம்.

அடுத்து வீடு. நம் ஊர்ப் பெரிய வீடுகளின் பின்கட்டில் காவலுக்குக் குடியிருக்கும் குடும்பங்களில் இரண்டு எங்கள் பட்டியலில் உள்ளன. வீதியிலிருந்து முகப்புக்கு ஏற மூன்றடி உயரம். சாய்தளத்துக்கு ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது கணக்கு. மூன்றடிக்கு முப்பத்தாறு அடி வேண்டும். அவ்வளவு நீளத்துக்குத் தளம் போட்டால் எதிர்வீட்டுத் திண்ணையில்தான் போய் முடியும். அதைத் தாண்டி உள்ளே போனால் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நிலைப்படி. பாட்டன் காலத்து நிலையை அறுக்கச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

ஆகவே இந்த ஆண்டு அந்தப் பணத்தை ஓர் ஆசாரிக்குக் கொடுத்தோம். வீட்டுக்குள் தரையோடு பயன்படும் மூலை இருக்கைகள், குழந்தையை நேராக நிறுத்திப் பழக்கும் மரச்சட்டங்கள், உணவுத் தட்டு வைக்கும் மேசைகள், படிகளின் மேல் போட்டு எடுக்கும் பலகைகள் ஆகியவற்றை அவர் இயன்முறை மருத்துவர் சொன்ன அளவுக்குச் செய்து தந்தார். முதல் குழந்தையை அவரிடம் காட்டியபோது, "கதவு செய்யவே அரை நூல் பிசகாமல் அளவெடுக்கிறோம், பிள்ளைக்கு அளவில்லாமலா கொடுத்தீர்கள்?" என்று கேட்டார். அறிக்கையில் அந்தச் செலவு "மரவேலை" என்ற தலைப்பில் இருப்பதால் தாங்கள் கவனிக்காமல் விட்டிருக்கலாம்.

ஆச்சி ஒருவர், பள்ளத்தூர்: என் மகள் வயிற்றுப் பேரனுக்கு வரும் மாதம் இரண்டு வயது முடிகிறது. பிடித்துக்கொண்டு நிற்கிறான், நடக்கவில்லை. பேச்சும் இல்லை. அவன் அப்பச்சியும் (அப்பாவும்) நான்கு வயதில்தான் பேசினார் என்று சம்பந்தி வீட்டார் சொல்கிறார்கள். காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம், ஆச்சி. குழந்தைகள் முன்பின்னாக வளர்வது உண்மை. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. நான்கு மாத அளவில் தலை நிற்க வேண்டும். ஒன்பது மாதத்துக்குள் பிடிமானம் இல்லாமல் உட்கார வேண்டும். பதினெட்டு மாதத்துக்குள் தானே நடக்க வேண்டும். இரண்டு வயதில் "பால் குடு" என்பது போல இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லத் தொடங்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலே ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. தங்கள் பேரனுக்கு இரண்டு தவறியிருக்கின்றன.

செவித்திறனை முதலில் சோதித்துவிடுங்கள். காது கேளாத குழந்தைகளில் பலரைப் "பேச்சு தாமதம்" என்று சொல்லிச் சொல்லியே நல்ல காலத்தைக் கழித்துவிடுகிறோம். 2013-ஆம் ஆண்டு தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை நடமாடும் மருத்துவக் குழு பரிசோதிக்க வேண்டும். குறை தென்பட்டால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அந்தக் குழு வரும் நாளை அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நாளானால் நேரே அரசு மருத்துவமனைக் குழந்தை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

நோயின் பெயர் தெரிந்த பிறகுதான் பயிற்சி என்று இல்லை. பெயர் உறுதியாக மாதங்கள் ஆகலாம். அதற்கிடையில் நடக்கவும் பேசவும் தேவையான பயிற்சியைத் தொடங்கிவிடலாம். முதல் சில ஆண்டுகளில் மூளை புதிய வழிகளைக் கற்றுக்கொள்ளும் வேகம் பின்னாளில் இருப்பதில்லை. பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தால் ஒரு நாள் பேருந்துச் செலவோடு முடிந்தது. இன்னொரு செய்தி: ஓராண்டில் எங்களிடம் வந்த குழந்தைகளில், மற்றவர்களைவிட முன்னதாக வந்தவர்களை அழைத்து வந்தது பெரும்பாலும் அம்மாவைப் பெற்ற ஆயாவோ அப்பாவைப் பெற்ற அப்பத்தாவோதான். அவர்கள் பல பிள்ளைகளை வளர்த்துப் பார்த்தவர்கள், ஒப்பிடத் தெரியும். தங்கள் மனத்தில் பட்டதைச் சம்பந்தி வீட்டாருக்காக அடக்கிக்கொள்ள வேண்டாம்.

வாசகர், புதுவயல்: உங்கள் செலவில் பெருந்தொகை "பயணம்" என்று இருக்கிறது. மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கும் நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை அல்லவா? மேலும் "ஆறு மாதம் இயன்முறை மருத்துவர் இல்லை" என்று அறிக்கையிலேயே எழுதியிருக்கிறீர்கள். இதையெல்லாம் வெளியே சொல்லலாமா?

கட்டணம் இல்லை என்பது சரி. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளியும் உடன்செல்லும் ஒருவரும் 2021 முதல் கட்டணமின்றிச் செல்கிறார்கள். பல குடும்பங்களுக்கு அது பேருதவி. ஆனால் பத்து வயதுப் பிள்ளையை, கைகால் விறைத்த நிலையில், இடுப்பில் தூக்கிக்கொண்டு பேருந்தின் முதற்படியில் ஏறிப் பாருங்கள். ஐந்து வயது வரை தூக்கிக்கொண்டு வந்த தாய் எட்டு வயதில் வாரம் ஒருமுறையாக்குகிறார். பத்து வயதில் நிறுத்திவிடுகிறார். குழந்தைக்குச் சிகிச்சை நின்றுபோவதற்கு நாங்கள் கண்ட முதற்காரணம் தாயின் முதுகுவலி. அடுத்த காரணம் அன்றைய கூலி போவது. எனவே ஆட்டோ வாடகையை அறக்கட்டளை ஏற்றது. ஒரே தடத்தில் இருக்கும் மூன்று வீட்டாரைச் சேர்த்து ஒரே ஆட்டோவில் அழைத்து வந்தோம். தாய்மார் தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தொடங்கியதும் அந்த ஆட்டோவில்தான். நாங்கள் நடத்திய எந்தக் கூட்டத்திலும் அவ்வளவு பேச்சு நடக்கவில்லை.

இயன்முறை மருத்துவர் இல்லாமற்போனதை மறைக்க முடியாது. குழந்தைகளின் கால்களே சொல்லிவிடும். இருந்தவர் பெருநகரில் கூடுதல் ஊதியம் கிடைத்துப் போனார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அந்த இடைவெளியில் நாங்கள் செய்தது, ஊருக்கு ஒருவராகச் சில பெண்களுக்கு அடிப்படைப் பயிற்சிகளைக் கற்பித்து, வீடுகளுக்கே அனுப்பியது. இது நாங்கள் கண்டுபிடித்த வழியன்று. தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் 1981-இல் இராமகிருஷ்ணன் தொடங்கிய அமர்சேவா சங்கம், கிராமங்களில் பணியாளர்களைப் பழக்கி வீடுகளுக்கே போய்த் தொடக்கநிலைப் பயிற்சி தரும் முறையை நெடுங்காலமாகச் செய்து வருகிறது. அவர்களைப் போலப் பழகிய கை எங்களுக்கு இல்லாததால் இரண்டு குழந்தைகளுக்குக் கணுக்கால் தசை மீண்டும் இறுகிவிட்டது. அதையும் அறிக்கையில் எழுதினோம். கொடுத்தவர் பணம் எங்கே பலித்தது என்று சொல்பவர்கள், எங்கே பலிக்கவில்லை என்பதையும் சொல்லத்தானே வேண்டும்? பற்று எழுதாத பேரேட்டை நம் ஊரில் யாரும் கணக்கென்று ஒப்புக்கொள்வதில்லை.

தாய் ஒருவர், கல்லல்: என் மகளுக்கு ஏழு வயது, மூளை முடக்குவாதமும் வலிப்பும் உண்டு. கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். "எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு பிள்ளை பிறந்ததில்லை" என்று மாமியார் சொல்லாத நாளில்லை. நான் ஒரு திருமணத்துக்குப் போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இரவில் இரண்டு மணி நேரம் தொடர்ந்து தூங்கினால் பெரிது. நீங்கள் எழுதிய "ஓய்வு நாள்" என்பது என்ன? அதில் என்னைப் போன்றவர்களுக்கு இடம் உண்டா?

சகோதரிக்கு உறுதியாக இடம் உண்டு. ஓய்வு நாள் என்பதை முழுமையாகச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் இந்த ஆண்டு நாங்கள் செய்தவற்றில் சரியாகச் செய்தோம் என்று நான் துணிந்து எழுதக்கூடியது அது ஒன்றுதான். அதுவும் முதலில் தவறாகத்தான் தொடங்கியது.

ஆண்டின் தொடக்கத்தில் "தாய்மார்களுக்குத் தன்னம்பிக்கை" என்ற பெயரில் ஒரு கூட்டம் நடத்தினோம். வெளியூரிலிருந்து பேச்சாளர், மாலை, சால்வை, சிற்றுண்டி எல்லாம் உண்டு. பாதிப் பேச்சில் குழந்தைகள் அழத் தொடங்கின. தாய்மார் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டனர். கடைசியில் எழுந்த ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, இந்தப் பேச்சை எல்லாம் நாங்கள் கேட்டுக்கொள்வோம், இவனை மூன்று மணி நேரம் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் கிடைக்குமா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் எங்கள் ஆண்டுத் திட்டத்தைக் கிழித்துப் போட்டது.

அதன்பின் மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை என்று வைத்தோம். வெளிநாட்டில் வாழும் ஒருவர் தம் பூர்வீக வீட்டின் வளவை, அதாவது உள்முற்றத்தையும் அதைச் சுற்றியுள்ள கட்டையும், தந்தார். சிறப்புக் கல்வி பயிலும் மாணவியரும் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள முன்வந்தனர். ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் அட்டை: எப்படி உட்கார வைப்பது, எதை எவ்வளவு கெட்டியாக ஊட்டுவது, எந்தச் சத்தத்துக்கு அஞ்சுவான், எப்படிச் சிரித்தால் சிறுநீருக்கு என்று பொருள் என்பதெல்லாம் தாய் சொல்லச் சொல்ல எழுதியது. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கக்கூடாது. சாவிக்கொத்தைக் கையில் கொடுப்பதால் பயனில்லை. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும் என்று எல்லோருக்கும் பழக்கினோம். தங்கள் மகளுக்கு வலிப்பு இருப்பதால் தாங்கள் தயங்கத் தேவையில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

முதல் மாதம் தாய்மார் வந்தார்கள். ஆனால் ஒருவரும் குழந்தையை விட்டு நகரவில்லை. வளவைச் சுற்றிச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, பிறர் கையில் இருக்கும் தம் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் மாதம் ஒருவர் மட்டும் எழுந்து முகப்புத் திண்ணைக்குப் போனார். ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தால், தூணோரம் முந்தானையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். யாரும் எழுப்பவில்லை. அந்த மாலை ஓய்வு நாள் ஆறரைக்குத்தான் முடிந்தது. மூன்றாம் மாதம் முதல் ஒவ்வொருவரும் வெளியே போகத் தொடங்கினர். எங்கே போனார்கள் என்று கேட்பதில்லை; அவர்களாகச் சொன்னதில் சில: வங்கியில் கணக்குப் புத்தகத்தில் வரவு பதிந்து வந்தார் ஒருவர்; எண்ணெய் தேய்த்து அவசரமில்லாமல் தலைமுழுகினார் ஒருவர்; மூத்த மகளைக் கடைக்கு அழைத்துப் போய் அவளுக்கென்று ஜியாமெட்ரி பெட்டி வாங்கித் தந்தார் ஒருவர். "அம்மாவும் நானும் மட்டும் போனோம்" என்று அந்தச் சிறுமி திரும்பத் திரும்பச் சொன்னாள்.

தங்கள் மாமியார் சொல்வதைப் பற்றி. மூளை முடக்குவாதத்துக்குக் குறைமாதப் பிறப்பு, கருவிலோ பிறக்கும்போதோ மூளைக்கு உயிர்வளி குறைவது, கருக்காலத்து நோய்த்தொற்று, பிறந்த சில நாள்களில் சிகிச்சை இல்லாமல் முற்றிய மஞ்சள் காமாலை ஆகியவை முக்கியக் காரணங்கள். மரபு வழியே வரும் வேறு சில குறைபாடுகளிலும், குறிப்பாக உறவுக்குள் மணம் செய்தவர்களிடம் கூடுதலாகக் காணப்படும் வகையில், தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பங்கு வந்து சேர்ந்தால்தான் நோய் வெளிப்படும். "எங்கள் பக்கம்", "உங்கள் பக்கம்" என்று பிரிக்க அதில் இடமே இல்லை. இதைத் தாங்கள் சொன்னால் வாதமாகப் போய்விடும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மாமியாரையும் அழைத்துப் போய், அவர் வாயாலேயே மருத்துவரிடம் கேட்கச் செய்யுங்கள். எங்கள் அனுபவத்தில் அப்படி வந்த மாமியார்கள் சிலர், அதன்பின் கால் பயிற்சியைத் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள். கணவரையும் பணம் அனுப்புபவராக மட்டும் வைத்துவிடாதீர்கள். பயிற்சி நேரத்தில் காணொளி அழைப்பில் அவர் இருந்து எண்ணிச் சொல்லட்டும். இரவுத் தூக்கம் இல்லாமல் மனம் தளர்ந்து, வாழ்வே வேண்டாம் என்பது போன்ற எண்ணம் வந்தால், 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். மகளின் வலிப்பு மாத்திரையை யார் சொன்னாலும், எந்த நேர்த்திக்கடனுக்காகவும், திடீரென்று நிறுத்தாதீர்கள்.

வரும் இரண்டாம் சனிக்கிழமை கல்லல் தடத்து ஆட்டோவில் ஓர் இடம் இருக்கிறது. இதழின் முகவரிக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

வாசகர், திருப்பத்தூர்: மகனுக்கு ஆட்டிசம். அடையாள அட்டைக்காக மூன்று முறை அலைந்துவிட்டேன். அந்த அட்டையால் உண்மையில் என்ன பயன்?

அலைந்த களைப்பில் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. முன்பு 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இருந்தன; ஆட்டிசம் அதில் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 வகைகளாக விரித்தது; ஆட்டிசம் அதில் இடம்பெற்றது. குறைபாடு 40 விழுக்காடும் அதற்கு மேலும் என்று சான்று கிடைத்தால்தான் பெரும்பாலான சலுகைகளின் கதவு திறக்கும். யுடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டை நாடு முழுவதும் செல்லும். குறைபாட்டு விழுக்காடு 40-க்குக் கீழே என்றால் அட்டையில் வெள்ளைக் கோடு, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் மேலும் நீலம். பேருந்தைப் பற்றி மேலே எழுதினேன். அறிவுசார் குறைபாடுள்ளோர் துணையில்லாமல் பயணம் செய்ய முடியாது என்ற மருத்துவச் சான்று இருந்தால் தொடர்வண்டியில் அவருக்கும் துணைக்கும் கட்டணச் சலுகை உண்டு. அறிவுசார் குறைபாடு, கடுமையான பாதிப்பு முதலிய சில பிரிவினருக்கு மாநில அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023 சனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். தாங்கள் வருமான வரி கட்டுபவராக இருந்து பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால், மகனின் பராமரிப்புக்காக 75,000 ரூபாயும், பாதிப்பு 80 விழுக்காடோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாயும் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம்.

முகாம் நாளில் ஆட்டிசக் குழந்தையைக் கூட்டத்தில் நாள் முழுதும் காத்திருக்க வைப்பது அவனுக்கும் மற்றவர்களுக்கும் வாதை. எங்கள் தன்னார்வலர் காலையில் போய் வரிசையில் நிற்பார். முறை நெருங்கும்போது தொலைபேசியில் சொல்வார். அப்போது குழந்தையை அழைத்து வந்தால் போதும். ஆதார், பிறப்புச் சான்று, ஒளிப்படம், இதுவரை பார்த்த மருத்துவக் குறிப்புகள் ஆகியவற்றை ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள். சிறுவர்களுக்குத் தரும் சான்று பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்கே செல்லும். முடியும் நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். எங்கள் பட்டியலில் உதவித்தொகை நின்றுபோனவர்களில் பலருக்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

ஆசிரியை, கானாடுகாத்தான்: என் வகுப்பில் அறிவுசார் குறைபாடுள்ள மாணவன் ஒருவன் சேர்ந்திருக்கிறான். மற்றப் பெற்றோர் முணுமுணுக்கிறார்கள்.

முணுமுணுப்பவர்களுக்குச் சட்டத்தைக் காட்டலாம்: 6 வயது முதல் 18 வயது வரை, 40 விழுக்காடும் மேலும் குறைபாடுள்ள குழந்தைக்கு அருகமைப் பள்ளியிலோ விருப்பப்படி சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் படிக்கும் உரிமை உண்டு. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் தங்கள் பள்ளிக்கும் வர வேண்டும்; தலைமையாசிரியர் வழியாக எழுதிக் கேளுங்கள். மற்றபடி, அவனை முதல் வரிசையில் உட்கார வைத்து ஒரு பொறுப்பைக் கொடுத்துவிட்டால் (எங்கள் பிள்ளை ஒருவன் சுண்ணக்கட்டிப் பெட்டிக்கு அதிகாரி) பாதிப் பேச்சு அடங்கிவிடும்.

வாசகர், சென்னை (சொந்த ஊர் கோட்டையூர்): எங்கள் அய்யாவின் நினைவு நாளில் குழந்தைகளுக்கு விருந்தளித்துப் படம் எடுத்துக்கொள்ள விரும்புகிறோம். ஏற்பாடு செய்வீர்களா?

படம் வேண்டாம். விருந்தும் வேண்டாம் என்றே சொல்வேன். எங்கள் குழந்தைகளில் பலர் இலையில் உள்ளதை மெல்ல முடியாதவர்கள், புதிய முகங்களைக் கண்டால் கலங்குபவர்கள். நம் முன்னோர் வணிக வரவில் ஒரு பங்கை மகமை என்று ஒதுக்கியது விசேஷ நாளுக்காக மட்டும் அன்று; ஆண்டு முழுதும் விளக்கெரியவும் ஊருணி தூர்வாரவும்தான். அதைப் போல அய்யாவின் பெயரில் மாதம் ஒரு சிறு தொகை வந்தால், இரண்டு குடும்பங்களின் டயப்பர் செலவையோ ஒரு தடத்தின் ஆட்டோ வாடகையையோ முன்கூட்டியே உறுதி செய்துகொள்வேன். வரிவிலக்கு வேண்டுமென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தராதீர்கள். வங்கி வழியாக அனுப்புங்கள்.

தந்தை ஒருவர், தேவகோட்டை: அரசுப் பணியில் ஓய்வு பெற்றவன். எழுபதைத் தாண்டிவிட்டேன். அறிவுசார் குறைபாடுள்ள மகனுக்குப் பத்தொன்பது வயது. எங்களுக்குப் பின் அவனை யார் பார்ப்பார்கள்? உங்கள் அறக்கட்டளை ஏற்குமா?

இக்கேள்வியைத் தாங்கள் எழுதியிருக்கிறீர்கள். மற்றவர்கள் எழுதாமல் இருக்கிறார்கள். எங்களால் ஏற்க முடியாது. தங்கும் விடுதி நடத்தும் வசதியோ ஆட்களோ எங்களிடம் இல்லை. இருப்பதாகச் சொல்லி நம்பிக்கை கொடுப்பது பாவம். செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

பதினெட்டு வயது நிறைந்ததும் சட்டத்தின் கண்ணில் தங்கள் மகன் பெரியவர். தந்தை என்பதாலேயே தாங்கள் அவருக்குக் காப்பாளர் ஆகிவிட மாட்டீர்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனுச் செய்து சட்டக் காப்பாளர் ஆணை பெறலாம். பெற்றோரும் உறவினரும் மனுச் செய்யலாம். காப்பாளராக வருபவர் ஆறு மாதத்துக்குள் மகனின் சொத்து விவரத்தையும், பின்னர் ஆண்டுதோறும் கணக்கையும் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். கணக்கெழுதுபவனான எனக்கு அந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். அன்பின் பேரில் விட்டுப்போகும் சொத்துக்கு ஒரு கணக்காவது கேட்க ஆள் இருக்கிறார்கள்.

அடுத்து, தங்கள் ஓய்வூதியப் பதிவேட்டில் மகனின் பெயரும் குறைபாடும் பதியப்பட்டுள்ளனவா என்று உடனே பாருங்கள். சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறன் மகனுக்கு, பெற்றோர் காலத்துக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் வாழ்நாள் முழுதும் கிடைக்க வழி உண்டு. தாங்கள் இருக்கும்போது ஒரு மனுவில் முடியும் வேலை, பிறகு உறவினர் அலைந்தால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதே தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கும் பயிற்சிக்கும் பெறலாம். முன்பரிசோதனை எதுவும் இல்லை. வீட்டையோ நிலத்தையோ மகன் பெயருக்கு அப்படியே எழுதி வைத்துவிடாமல், உயில் எழுதும் முன் வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

மகளும் இருப்பதாகக் கடிதத்தின் ஓரத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். "அவள் பார்த்துக்கொள்வாள்" என்று தாங்களே முடிவு செய்துவிடாமல் அவரிடம் கேளுங்கள். எதைத் தம்மால் செய்ய முடியும், எதை முடியாது என்று அவர் சொல்லட்டும். எங்கள் கூட்டத்துக்கு வந்த உடன்பிறந்தவர்களில் ஒருவரும் மறுக்கவில்லை. ஆனால் இதுவரை தங்களை யாருமே கேட்டதில்லை என்று பலர் சொன்னார்கள்.

மனுவுக்கான படிவத்தை எங்கள் அலுவலகத்தில் வைத்து நிரப்பித் தருகிறோம். வரும்போது மகனையும் மகளையும் அழைத்து வாருங்கள். மகன் தம் பெயரை எழுதப் பழகியிருந்தால் பேனாவை அவரிடமே கொடுப்போம். நேரமானாலும் பரவாயில்லை, அலுவலகம் ஆறு மணி வரை திறந்திருக்கும்.